யாருடைய படை, யார் குடிமக்கள்?

எங்கள் வங்கிக் கிளையில் என் பக்கத்து இருக்கைக்காரர் நல்ல மனிதர். என் கவிதை வந்த இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, ‘புரியல சார், ஆனா கோவம் தெரியுது’ என்று சொல்லக்கூடியவர். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மட்டும் அவருக்குள் ஒரு தத்துவவாதி விழித்துக்கொள்வார். ‘குடிமக்கள் கையில துப்பாக்கி இருக்கணும் சார். அப்பத்தான் அரசாங்கம் பயந்து நடக்கும். அமெரிக்காக்காரன் அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான் பாருங்க.’

அதே வாரம், படிப்பு வட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்: ‘எத்தன நாளைக்குண்ணே மனு குடுத்துக்கிட்டே இருக்கிறது? நமக்குன்னு ஒரு படை வேணாமா?’

அவரிடம் சிரித்து மழுப்பினேன். தம்பியிடம் பஸ் வந்துவிட்டது என்றேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கா. 1791-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், குடிப்படையைப் பற்றியும் ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றியும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறது. வாஸ்தவம். அந்த ‘மக்கள்’ யார்? அதற்கு எண்பது வருஷத்துக்கு மேல் முன்னதாக, 1704-லேயே, தென் கரோலினாவில் அடிமைகளைக் கண்காணிக்கும் ரோந்துப் படை சட்டம் போட்டு ஏற்படுத்தப்பட்டிருந்தது. அடிமைக் குடிசைகளில் புகுந்து ஆயுதம் தேடுவது, சீட்டு இல்லாமல் நடமாடுகிறவனைப் பிடித்துச் சவுக்கால் அடிப்பது, இதெல்லாம் அதன் வேலை. அங்கே குடிமக்கள் படை எந்த அரசாங்கத்தைப் பயமுறுத்தியது? 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் குடிமக்களாக முடியாது என்று தலைமை நீதிபதி டேனி தீர்ப்பு எழுதினார். அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்றைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இவர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால், போகிற இடமெல்லாம் ஆயுதம் எடுத்துப் போகும் உரிமையும் இவர்களுக்கு வந்துவிடுமாம். குடியுரிமையை மறுப்பதற்கே துப்பாக்கி ஒரு காரணமாகிவிட்டது.

1873-ல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையரின் ஆயுதக் கும்பல் கொன்றது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டிக்கப்பட்ட கொஞ்சம் பேரையும் 1876-ல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. பிறகு 1967. கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியாவில் சட்டப்படியே துப்பாக்கியோடு போலீஸைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். மே 2 அன்று சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே துப்பாக்கியோடு நடந்தார்கள். என்ன ஆயிற்று? பொது இடத்தில் தோட்டா போட்ட துப்பாக்கி கூடாது என்ற சட்டத்தில் அந்த வருஷமே ஆளுநர் ரீகன் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி உரிமைக்காக இன்று சாமியாடுகிற தேசிய ரைஃபிள் சங்கம் அன்று அந்தச் சட்டத்தை ஆதரித்தது. நம் பக்கத்து இருக்கைக்காரரின் அமெரிக்கா இவ்வளவுதான்.

அந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலியோர் எடுத்துக்கொண்டார்கள். எழுத்தாளர்கள் தொடங்கிய இயக்கம். பெயரை எடுத்தார்கள், துப்பாக்கியை எடுக்கவில்லை. அதைப் பயம் என்று நினைக்கிறவர்களுக்குப் பீகாரைச் சொல்ல வேண்டும்.

பீகாரில் ‘குடிமக்கள்’ படை கட்டிய வரலாறு ஒரு சாதிப் பட்டியல். குர்மிகளுக்குப் பூமி சேனா, யாதவர்களுக்கு லோரிக் சேனா, ராஜபுத்திரர்களுக்குக் குவர் சேனா, பூமிஹார்களுக்குப் பிரம்மரிஷி சேனா. மேல்சாதி, இடைச்சாதி என்ற பேதமே இல்லை. நிலம் கைக்கு வந்தவனெல்லாம் சேனை வைத்தான். 1994-ல் போஜ்பூர் மாவட்டம் பேலாவூரில் பூமிஹார் நிலவுடைமையாளர்கள் ரண்வீர் சேனாவைத் தொடங்கினார்கள். விவசாயிகளின் தற்காப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். எதிலிருந்து தற்காப்பு? கூலி கேட்டவனிடமிருந்து. உபரி நிலத்தில் கொடி நட்டவனிடமிருந்து. கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுத்தவனிடமிருந்து. 1995-ல் அரசு அதைத் தடை செய்தது. தடைக்குப் பிறகுதான் அது உண்மையில் வேலையைத் தொடங்கியது எனலாம்.

1996 ஜூலை 11, பதானி டோலா. பட்டப்பகலில் 21 பேர். தலித்துகள், ஏழை முஸ்லிம்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1997 டிசம்பர் 1 இரவு, லட்சுமண்பூர் பாதே. சோன் நதியைப் படகில் கடந்து வந்தார்கள். 58 பேர். தேசிய அவமானம் என்றார் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன். தற்காப்புக்கு வந்தவர்கள் தொட்டில் குழந்தையிடமிருந்து எதைக் காத்துக்கொண்டார்கள் என்று என் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருநாள் கேட்கத்தான் போகிறேன்.

கதை அதோடு முடியவில்லை. 2010-ல் கீழ் நீதிமன்றங்கள் பதானி டோலாவுக்கு 23 பேரையும், பாதேவுக்கு 26 பேரையும் குற்றவாளிகள் என்றன. பாட்னா உயர்நீதிமன்றம் 2012-ல் அந்த 23 பேரையும், 2013-ல் இந்த 26 பேரையும் விடுதலை செய்தது. சாட்சிகள் நம்பத்தகுந்தவர்களாக இல்லையாம். இருட்டில் ஒளிந்துகொண்டு தன் பிள்ளை வெட்டப்படுவதைப் பார்த்தவன் பொய் சொல்வான், வெட்டியவன் மட்டும் பொய் சொல்லமாட்டான்! சேனாவுக்கும் அரசியல்வாதிகளுக்கும் உள்ள தொடர்பை விசாரிக்கப் போட்ட நீதிபதி அமீர் தாஸ் கமிஷன், அறிக்கை கொடுக்கும் முன்பே 2006-ல் கலைக்கப்பட்டது. நமக்கு இது புதிதா? 1968 டிசம்பர் 25 வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். அங்கே நிலக்கிழார்களின் அமைப்புக்குப் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். சேனா என்று கூடப் பெயர் வைக்கவில்லை, சங்கம்! உயர்நீதிமன்றம் அவர்களையும் விட்டது.

ஆக, சாதிச் சமூகத்தில் குடிமக்கள் படை என்று ஒன்று இருக்க முடியாது. சாதி ஆயுதம் தரித்தால் அதற்குக் குடிமக்கள் படை என்று பெயர். குடிமக்களாகவே ஏற்கப்படாதவர் தடி எடுத்தால் அதற்குத் தீவிரவாதம் என்று பெயர். பெயர் வைக்கிற உரிமை அரசிடம் இருக்கிறது.

‘அப்ப நாமளும் ஒண்ணு வச்சுக்கிட்டா?’ என்கிறாய் தம்பி. உனக்குச் சத்தீஸ்கரைச் சொல்கிறேன். 2005-ல் அங்கே சல்வா ஜுடும் வந்தது. மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்கள் எழுச்சி என்றார்கள். யார் மக்கள்? பழங்குடிப் பிள்ளைகள். அஞ்சாங்கிளாஸ் படித்திருந்தால் போதும், சிறப்புக் காவல் அலுவலர் என்று ஒரு பதவி, மாதம் மூவாயிரம் ரூபாய் மதிப்பூதியம், கையில் துப்பாக்கி. யாரைச் சுட? பக்கத்து ஊர்ப் பழங்குடியை. ஊர் ஊராக எரிந்தது. சனங்கள் முகாமுக்கும் காட்டுக்கும் ஆந்திரத்துக்குமாகச் சிதறினார்கள். 2011 ஜூலை 5-ல் நந்தினி சுந்தர் வழக்கில் உச்சநீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதே வருஷம் மாநில அரசு துணை ஆயுதப் படை என்று புதுச் சட்டம் போட்டு அந்தப் பையன்களையே உள்ளே எடுத்துக்கொண்டது. நம் கைக்குத் துப்பாக்கி சும்மா வருவதில்லை. யாரோ கொடுத்தால்தான் வரும். கொடுத்தவன் குறியையும் சேர்த்தே கொடுப்பான்.

அதற்காக உனக்கு அகிம்சை உபதேசம் செய்ய மாட்டேன். செத்தவனிடமே போய்ப் பொறுமை போதிக்கிற வழக்கம் நமக்கெதற்கு? இந்த நாட்டில் ஏன் சமூகப் புரட்சி வரவில்லை என்று 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோது அம்பேத்கர் கேட்டார். வருண தர்மம் நம்மிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்துவைத்ததை அங்கே காரணமாகச் சொன்னார். சுபேதார் மகன் அவர். மகர்களை ராணுவத்தில் எடுப்பதை வெள்ளைக்காரன் 1890-களில் நிறுத்தியதையும் பார்த்தவர், 1941-ல் மகர் படைப்பிரிவு வந்ததையும் பார்த்தவர். ஆயுதத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கட்டிய சமதா சைனிக் தளம் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் காவல் நின்ற தொண்டர் படை. எந்த ஊரையும் கொளுத்தப் போனதில்லை.

எங்கள் கிளை வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் முன்னாள் ராணுவத்தார். நம்மாள். பகலெல்லாம் ஊரார் பணத்துக்குக் காவல். சாயங்காலம் துப்பாக்கி பெட்டக அறைக்குள் போய்விடும், அவர் வெறுங்கையோடு டவுன்பஸ்ஸில் ஊருக்குப் போவார். போன வருஷம் கோயில் கொடையின்போது அவர் தெருவுக்குள் கல் விழுந்த ராத்திரி, பேத்தியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வாசலில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாராம். ‘பதினேழு வருஷ சர்வீஸ் சார்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஊரில் மூன்று வீடுகளில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு! தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்து வைப்பார்கள், முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். எந்தப் பயிர், எந்தக் களை என்று கேட்கக்கூடாது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் விதி 3-ஐ எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தலித்தோ பழங்குடியோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் ஆயுத உரிமம் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அச்சில் இருக்கிறது. நமக்குப் படை வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், அவன் படையை ஏன் இன்னும் கலைக்கவில்லை என்று நாம் கேட்டோமா?

நான் கேட்டேன். இந்த மாவட்டத்தில் விதி 3-ன்கீழ் இதுவரை எத்தனை உரிமங்கள் ரத்து, நம்மவர்களுக்கு எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. ஆம் தம்பி, மறுபடியும் மனுதான், சிரிக்காதே. நாற்பத்தோரு நாள் கழித்துப் பதில் வந்தது: கோரிய தகவல் அந்த வடிவத்தில் பராமரிக்கப்படவில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். மனுவின் நகல் இதழ் ஆசிரியரிடம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி அவரவர் மாவட்டத்துக்கு அனுப்புங்கள். வரும் பதில்களை அடுத்த இதழில் வரிசையாகப் போடலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.