சாவி யார் கையில்?

தைப்பூசத்தன்று நம்மவர் இலட்சக்கணக்கில் பத்துமலையில் திரளுகின்றனர். 272 படிகளை ஏறி இறங்குகின்றனர். இறங்கியபின் எத்தகைய வீட்டிற்குத் திரும்புகின்றனர் என்று கேட்பாரைத்தான் காணோம். நாம் கேட்கின்றோம்.

நம்மவர் வாழ்ந்த வீடுகள் மூவகை. முதலாவது, கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட லயம். துரைக்கு மேட்டின்மேல் பங்களா. கிராணிக்குத் தனி வீடு. பால்மரம் வெட்டியவனுக்கோ ஒரே கூரையின்கீழ்த் தடுத்துவிட்ட அறை. ஒரு வீட்டு இருமல் மறுவீட்டுக்குக் கேட்கும். இரண்டாவது, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவாட்டர்ஸ். 1881-ஆம் ஆண்டின் தீக்கும் வெள்ளத்திற்கும் பின், கோலாலம்பூரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் எரிந்த இடம் அது. மூன்றாவது, இன்றைய மலிவுவிலை அடுக்குமாடி. குழாயும் உண்டு, விளக்கும் உண்டு. மின்தூக்கி பழுதாயின், பத்துமலைப் படியை ஆண்டுக்கொருமுறை ஏறும் கிழவி தன் வீட்டுப் படியை நாள்தோறும் ஏறவேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் உளர். பலகையையும் செங்கல்லையும் ஒப்பிட்டுப் பயன் என்ன? ஒப்பிட வேண்டுவது, சாவி யார் கையில் என்பதையே. லயம் தோட்டக் கம்பெனியுடையது, குவாட்டர்ஸ் இரயில்வேயுடையது. வேலை ஓய்ந்தால் வீடும் ஓய்ந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா நகராயிற்று. பழைய இரயில் முற்றத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறிற்று; அந்நிலத்தில் வியர்வை சிந்தியவனோ வாடகைக் குடியானான்.

இது தலைவிதி என்பர் சிலர். அன்று! 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினர். வாங்கியவர் செல்வரல்லர், லயத்தில் படுத்து எழுந்தவர்களே.

2006-இல் மலையடியில் 140 அடி முருகன் சிலை எழுந்தது. 2012-இல் மலையருகே 29 மாடிக் குடியிருப்பு எழவிருந்தபோது நம்மவர் கூடி எதிர்த்தனர். இரண்டையும் நாம் குறை கூறவில்லை. தோட்டம் கைமாறும் நாளில் மாற்றுவீடின்றி வெளியேற்றப்படும் குடும்பத்திற்காகவும் அவ்வாறே கூடினோமா என்பதே நம் வினா.

தோழர்களே! தோட்டம் விற்பனைக்கு வருமுன் வீட்டுரிமையை எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடியில் இருப்போர் குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்து கணக்குக் கேளுங்கள். காவடிக்கு ஆண்டெல்லாம் காசு சேர்க்கத் தெரிந்த நமக்கு, வீட்டுக்கென்று கூட்டாய்ச் சேர்க்கவும் தெரியும். அடுத்த பூசத்திற்குள் ஊருக்கொரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கமேனும் தொடங்குவோமாக.