நாற்பது நிமிஷக் கணக்கு

"உடம்பை 18 டிகிரிக்குக் குளிரவைத்துவிடுவோம். நாற்பது நிமிஷத்துக்குள் முடித்துவிட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது." சில வகை இதய அறுவைச் சிகிச்சைகளுக்கு முன்னால் குடும்பத்தாரைத் தேற்றச் சொல்லப்படும் பேச்சு இது. தேற்றுவதில் தப்பில்லை. ஆனால் இதையே மருத்துவ உண்மையாக எடுத்துக்கொண்டால் மூன்று நான்கு இடங்களில் இடிக்கிறது.

எல்லா இதய ஆபரேஷனிலும் ரத்த ஓட்டத்தை நிறுத்துவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாதாரண பைபாஸில் இதயம் நின்றாலும் இதய-நுரையீரல் இயந்திரம் ரத்தத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். மூளைக்குப் பட்டினி இல்லை. பெருந்தமனியின் வளைவை மாற்றும்போது அது எளிதல்ல, ஏனென்றால் மூளைக்குப் போகும் குழாய்களே அந்த வளைவிலிருந்துதான் கிளம்புகின்றன. பச்சிளம் குழந்தையின் சிக்கலான இதயக் கோளாறுகளிலும் ரத்தமும் குழாய்களும் விலகினால்தான் தையல் போட இடம் கிடைக்கும். ஆகவே உடம்பைக் குளிர்வித்து, பம்பை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தின் தொட்டிக்கு வடியவிடுகிறார்கள். தலையைச் சுற்றி ஐஸ் பொதிகள். மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. கோடு தட்டையாகக் கிடக்கும். பம்பை இயக்குபவர் நிமிஷங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் ராண்டல் கிரீப் குழுவினர் பெருந்தமனி வளைவு அறுவைக்கு இந்த முறையைக் கொண்டுவந்ததை வெளியிட்டார்கள். அதுவரை கைவைக்கவே தயங்கிய நோய் அது. இந்த முறை உயிர் காத்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சரி, குளிரில் மூளை தூங்குகிறதா? அரைகுறையாக. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் அறுவையின்போதே மூளையின் ஆக்சிஜன் செலவை அளந்து பார்த்தார்கள். 15 டிகிரியிலும் வழக்கமான செலவில் சுமார் ஆறில் ஒரு பங்கு நடந்துகொண்டுதான் இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்த பாலும் கெடத்தான் செய்யும், மெதுவாக. அவர்கள் 1999-இல் போட்ட கணக்குப்படி பாதுகாப்பான நேரம் 20 டிகிரியில் 21 நிமிஷம், 15 டிகிரியில் 31 நிமிஷம். வெறும் மதிப்பீடுதான், ஆனாலும் நாற்பதுக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் நாற்பது எங்கிருந்து வந்தது? ஒரு வேர் 1993-இல் வெளியான, ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வு: 656 நோயாளிகள், நாற்பது நிமிஷத்துக்கு மேல் பக்கவாதம் அதிகரித்தது. கை கால் இழுத்துக்கொண்டதா என்று பார்க்கும் அளவுகோல் அது. நினைவாற்றலையும் விரல்களின் நுண்ணிய அசைவையும் சோதித்துப் பார்த்த மவுண்ட் சினாய் குழுவினருக்கு 25 நிமிஷத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பக்கவாதம் இல்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல.

இன்னொரு வேர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை. இதை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் முழுதாகப் படித்திருப்பார்களா என்பது என் சந்தேகம். பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு சாராருக்குப் பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்தி அறுவை, மறு சாராருக்குக் குறைந்த வேகத்தில் ரத்தம் ஓடவிட்டு அறுவை. நிறுத்திய குழுவில் வலிப்பு அதிகம். ஒரு வயதில் உடலசைவு மதிப்பெண் குறைவு. நான்கு வயதில் ஐ.க்யூ. இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றே, உடலசைவுக் குறை மட்டும் நீடித்தது. எட்டு வயதுத் தரவை அலசியபோதுதான், அதற்கு மேல் போனால் பாதிப்பு கூடும் என்ற எல்லையாக 41 நிமிஷம் வந்தது. அதே அலசலில் அந்த எல்லை 32 நிமிஷம் வரை கீழே இறங்கலாம் என்றும் இருக்கிறது. 41 ஊர் ஊராகப் போனது. 32 தாளிலேயே தங்கிவிட்டது.

அடுத்த நம்பிக்கை, பம்ப் மறுபடி ஓடியதும் ஆபத்து முடிந்தது என்பது. உண்மையில் இன்னொரு கட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆற்றல் தீர்ந்த நரம்பணுக்களால் குளூட்டமேட்டைத் திரும்ப உள்ளிழுக்க முடியாமல் அது வெளியில் தேங்குகிறது. அணுக்களுக்குள் கால்சியம் பாய்கிறது. திரும்பி வரும் ஆக்சிஜனோடு கேடு செய்யும் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழித்து அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு தளர்கிறது. இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களில் உரசி வந்த வெள்ளணுக்கள் ஏற்கெனவே உசுப்பேறி இருக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் நாய்களிடம் செய்த சோதனைகளில் நரம்பணுக்களில் ஒரு பகுதி உடனே சாகாமல், பிற்பாடு தம்மையே முடித்துக்கொண்டன. கடிகாரத்தை நிறுத்திய பிறகும் கணக்கு ஓடுகிறது.

அழற்சிதானே, ஸ்டீராய்டு கொடுத்தால் போச்சு என்பார்கள். கொடுத்துப் பார்த்தாயிற்று. 2015-இல் வந்த ஆய்வில் 7,507 பெரியவர்கள்; 2022-இல் வந்ததில் சுமார் 1,200 கைக்குழந்தைகள். இயந்திரத் துணையோடு நடந்த இதய அறுவைகள் அவை. முக்கியப் பலனில் உறுதியான முன்னேற்றம் இரண்டிலும் தெரியவில்லை. இவை மூளையை மட்டும் தனியாக அளந்த ஆய்வுகள் அல்ல என்பது சரிதான். ஆனாலும் ஊசி போட்டால் தீர்ந்தது என்ற தைரியத்துக்கு இவை இடம் தரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு: ஓட்டத்தை நிறுத்துவதே கொடுமை, அதை ஒழித்துவிட்டால் குழந்தைகள் தப்பும் என்று. அதுவும் நிற்காது. பாஸ்டனில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த குழுவிலும் எட்டு வயதில் பதற்றமாக முந்திக்கொண்டு செய்யும் சுபாவம் கூடுதலாகத் தெரிந்தது. பதினாறு வயதில் இரு குழுவுமே பல சோதனைகளில் பின்தங்கின. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒரு மாற்றம். இத்தகைய இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளில் பலருக்குக் கத்தி படுவதற்கு முன்பே மூளை வளர்ச்சி பின்தங்கியிருப்பதை 2007-இல் வந்த ஸ்கேன் ஆய்வு காட்டியது. பெரியவர்களில், யேல் குழுவினர் குளிரை மட்டுமே நம்பி நூற்றுக்கணக்கானவர்களுக்கு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மூளை உழைப்பே பிழைப்பாக உள்ளவர்களைச் சோதித்தும் குறை தெரியவில்லை என்கிறார்கள். தேர்ந்த கை, குறுகிய நேரம் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

ஆக, மூளைக்குத் தனிக் குழாய் வழியே ரத்தம் அனுப்ப முடியுமா, திரும்பச் சூடேற்றும்போது அவசரப்படாமல் உள்ளே போகும் ரத்தத்தை 37 டிகிரிக்கு மேல் விடாமல் பிடிக்கிறார்களா, முதல் சில நாள் சத்தமில்லாத வலிப்பை இ.இ.ஜி.யில் தேடுகிறார்களா என்பவை நிமிஷக் கணக்குக்குக் குறையாத கேள்விகள். பச்சிளம் வயதில் திறந்த இதய அறுவை ஆன குழந்தைகளை வளர்ச்சிக் குறைபாட்டு அபாயம் அதிகம் உள்ளவர்கள் பட்டியலில் சேர்த்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் சோதிக்கச் சொல்லி அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் "நிறுத்தம்: 38 நிமிஷம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், மூன்றாம் வகுப்பில் பென்சில் பிடிக்கத் திணறும் பிள்ளையைப் பார்த்து ஆசிரியை சோம்பேறி என்றுதான் நினைப்பார்.