மின்சாரக் கார் வாங்கலாமா? முதலில் வீட்டு மின்மானியைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அன்று தொட்டு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மின்சாரக் கார் வாங்கலாமா?"

நான் மோட்டார்ப் பொறியியலாளன் அல்லன். ஆனால் வரவு செலவுத் திட்ட இரவுகளில் பத்திரிகைக் காரியாலயத்தில் விழித்திருந்தவன். வாகன வரி பற்றிய செய்தியை மறுநாள் வாசகர்கள் எவ்வளவு ஆவலோடு தேடுவார்கள் என்பதை அறிவேன். அதில் வியப்பில்லை. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பமொன்றுக்கு வீட்டுக்கு அடுத்த பெருஞ்செலவு வாகனமே. லீசிங் தவணையை வருடக்கணக்கில் கட்ட வேண்டும். பிழையான வாகனத்தை வாங்கியவர் அதைச் சுமந்தபடியே பிள்ளைகளின் படிப்புச் செலவையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடையளிக்க நான் விரும்புவதில்லை. மின்சாரக் கார் பொருந்துமா என்பதைக் காரின் தரத்தைவிட அது நிற்கப்போகும் வீடே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

மின்சாரக் கார் நமக்குப் புதிதன்று. 2014, 2015 ஆண்டுகளில், வரி குறைந்திருந்தபோது, யப்பானில் பாவிக்கப்பட்ட நிஸ்ஸான் லீஃப் கார்கள் பெருமளவில் வந்திறங்கின. 2015 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தோடு வரி உயர்ந்தது, அலையும் அடங்கியது. வாங்கியவர்களுள் பலர் தங்கள் தேவையை அளந்து பார்க்கவில்லை; வரி குறைவு என்ற ஒன்றையே பார்த்தார்கள். 24 கிலோவாற் மணி பற்றரி கொண்ட அந்தக் கார் ஒருமுறை மின்னேற்றினால் 200 கிலோமீற்றர் ஓடும் என்றது யப்பானிய அளவீடு. 2011ஆம் ஆண்டு மாதிரிக்கு அமெரிக்கச் சோதனை தந்த தூரமோ 117 கிலோமீற்றர் மட்டுமே. பற்றரியைக் குளிர்விக்கும் திரவ ஏற்பாடும் அதில் இருக்கவில்லை. வெப்பம் பற்றரியின் எதிரி. நம் நாட்டு வெயிலில் அதன் கொள்ளளவு ஆண்டுக்காண்டு தேய்ந்தது. அக்கார்களின் மறுவிற்பனை விலையைத் தீர்மானித்தது, முகப்புப் பலகையில் பற்றரியின் நலத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் எத்தனை மீதமிருக்கின்றன என்பதே.

இன்று வரும் கார்கள் வேறு தலைமுறையைச் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றில் பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. சீனத் தயாரிப்புகள் பலவற்றில் உள்ள லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி கூடுதல் தடவை மின்னேற்றத்தைத் தாங்கும். தீப்பற்றும் ஆபத்தும் ஒப்பீட்டளவில் குறைவு. எனவே பழைய அனுபவத்தை மட்டும் வைத்து இவற்றை ஒதுக்குவது நியாயமன்று. ஆயினும் அன்று கேட்கத் தவறிய கேள்விகளை இன்றாவது கேட்க வேண்டும்.

முதலாவது, தூரம். ஒரு மாதத்துக்கு உங்கள் ஓட்டத்தைக் குறித்து வையுங்கள். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு, அலுவலகம் சென்று, மாலையில் ரியூசன் முடியும்வரை காத்திருந்து வீடு திரும்பும் கொழும்புக் குடும்பம் பெரும்பாலும் 50 கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தினமும் போய்வருபவருக்கும் ஏறக்குறைய 70 கிலோமீற்றர்தான். இதற்கு இன்றைய சாதாரண மின்சாரக் காரே தாராளமாகப் போதும். நெரிசலில் நின்று நின்று நகரும் காலி வீதி போன்ற இடங்களில் பெற்றோல் கார் எரிபொருளை வீணே எரிக்கும். மின்சாரக் காரோ நிற்கும்போது குளிரூட்டிக்கு மட்டுமே செலவழிக்கும். வேகம் குறைக்கும்போது சக்தியின் ஒரு பகுதியைப் பற்றரிக்கு மீட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, இடம். கார் இரவில் எங்கே நிற்கும்? வீட்டு வளவுக்குள் நிற்குமாயின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தொடர்மாடியில் வசிப்பவர் முகாமைத்துவக் குழுவின் எழுத்துமூல அனுமதி பெறாமல் முற்பணம் கட்டக் கூடாது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு வீட்டுக்காரரின் மனம்தான் மின்னேற்று நிலையம். தினமும் பொது நிலையத்தை நம்பி மின்சாரக் கார் வைத்திருப்பது, சமையலுக்குத் தினமும் அடுத்த ஊருக்குத் தண்ணீர் அள்ளப் போவதைப் போன்றது.

வளவு இருந்தாலும் போதாது. சுவரில் பொருத்தும் 7 கிலோவாற் மின்னேற்றி 32 அம்பியர் இழுக்கும். நம் வீடுகள் பலவற்றின் ஒற்றைக் கட்ட இணைப்பு 30 அம்பியர் மட்டுமே. வீட்டின் முழுச் சுமையையும்விட அந்த ஒரு கருவி பெரிது! ஆகவே ஒன்றில் இணைப்பை உயர்த்த வேண்டும், அல்லது குறைந்த வலுவில் இரவு முழுவதும் மெதுவாக ஏற்ற வேண்டும். நாளுக்கு 50 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மெதுவான முறையே போதும். 2 கிலோவாற் வீதம் ஐந்து மணித்தியாலத்துக்குள் அந்த ஓட்டத்துக்கான மின்சாரம் ஏறிவிடும். எதுவாயினும் பழைய வயரிங்கையும் புவித்தொடுப்பையும் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பரிசோதிப்பது கட்டாயம். மின்னழுத்தியின் சொருகிக்குச் சாதாரண நீட்டு வயரில் காரை மாட்டுவது வீட்டைக் கொளுத்தும் வேலை.

மூன்றாவது, மின்பட்டியல். விற்பனையாளர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சராசரிக் கார் 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 அலகு மின்சாரம் எடுக்கும். மாதம் 1000 கிலோமீற்றர் என்றால் 150. ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 165 அலகு. இதுவரை 100 அலகு பாவித்த வீடு 265 அலகுக்குப் போகும். 2025ஆம் ஆண்டுக் கட்டண அமைப்பின்படி 180 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் ஆகக் கூடிய விலை. எனவே காரின் செலவைச் சராசரி அலகு விலையில் கணக்கிடாதீர்கள். பழைய பட்டியலுக்கும் புதிய பட்டியலுக்கும் உள்ள வித்தியாசமே அதன் செலவு. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காருக்கு அதே தூரத்துக்கு 83 லீற்றர் தேவை. அதை அன்றைய விலையால் பெருக்கி ஒப்பிடுங்கள். நேரத்துக்கேற்ப விலை மாறும் கட்டணமுறையும் உண்டு. அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை ஆகக் குறைந்த விலை, மாலை 6.30 முதல் 10.30 வரை ஆகக் கூடியது. அம்முறைக்கு மாற உங்கள் இணைப்புக்கு வழியுண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

நீண்ட பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். குளிரூட்டியோடும் ஐந்து பேரோடும் பொதிகளோடும் அதை இடையில் ஏற்றாமல் கடக்கலாம் என்று எண்ண வேண்டாம். விரைவு மின்னேற்றத்துக்கு முக்கால் மணித்தியாலம் வரை செல்லும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலோ மடுப் பெருவிழாவின்போதோ நமக்கு முன்னால் இரண்டு கார் நின்றால் அது இரண்டேகால் மணித்தியாலமாகும். சொருகியும் ஒன்றல்ல, யப்பானிய லீஃபின் விரைவுச் சொருகி வேறு, இப்போது வரும் கார்கள் பலவற்றின் சொருகி வேறு. வருடத்தில் இரண்டு முறை ஊர் போகிறவர் ரயிலையோ வாடகை வானையோ நாடலாம். மாதத்துக்கு இருமுறை போகிறவருக்கு ஹைபிரிட் காரே இன்று பொருத்தம்.

"மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. யூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அதையும் வாங்க நாள்கணக்கில் வரிசை. யூலையில் வந்த கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். 13 மணித்தியாலம் இருளில் இருந்த வீட்டிலும் மீதி 11 மணித்தியாலம் மின்சாரம் இருந்தது. பெற்றோல் வரிசைக்கு அந்த உத்தரவாதமும் இருக்கவில்லை. அதற்காகக் கூரையில் சூரியத் தகடு இருந்தால் கவலையில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. சேமிப்புப் பற்றரியின்றி மின்வலையமைப்போடு மட்டும் இணைந்த தகடு, வலையமைப்பு நின்றவுடன் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்ட பகலில் சூரியன் எரித்துக்கொண்டுதான் இருந்தது.

இங்கே அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்ததால், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டது. பகலில் மின்சாரம் மிகுந்து நிற்க, மாலை உச்சநேரத்தில் எண்ணெயும் நிலக்கரியும் எரிகின்றன. அலுவலகம், வைத்தியசாலை, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் தரிப்பிடங்களில் பகல் மின்னேற்றத்துக்கு மலிவான கட்டணம் ஏற்படுத்தினால், வீணாகும் சூரிய ஒளி இறக்குமதி எரிபொருளுக்கு மாற்றாகும். அதைச் செய்யாமல் மின்சாரக் கார்களை மட்டும் இறக்கினால், மாலையில் எல்லோரும் வீடு வந்து ஒரே நேரத்தில் சொருகியை மாட்டுவார்கள். டொலரைப் பெற்றோலுக்குக் கொடுத்த நாம் மின்னிலைய எண்ணெய்க்குக் கொடுப்போம்.

முடிவாக என் நிலைப்பாடு இது. சொந்த வளவும், சீரான வயரிங்கும், நாளுக்கு 100 கிலோமீற்றருக்கு உட்பட்ட ஓட்டமும், தூரப் பயணத்துக்கு வேறு வழியும் உள்ள குடும்பத்துக்கு மின்சாரக் கார் பொருந்தும். பற்றரிக்கு எழுத்துமூல உத்தரவாதமும் உள்நாட்டில் திருத்தும் வசதியும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. இவற்றுள் வளவு இல்லாதவர் பொறுத்திருப்பதே நன்று. பழைய லீஃப் வாங்க எண்ணுபவர் பற்றரிப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம். ஏனெனில் அங்கே விலைபேசப்படுவது பற்றரிதான். வரி எப்போது கூடும், எப்போது குறையும் என்பது நம் கையில் இல்லை. நம் வீட்டுக் கணக்கு நம் கையில் இருக்கிறது. அதைப் பார்த்த பின்னர் காட்சியறைக்குப் போங்கள்.