பூட்டு போட்ட ஒரு டிராயர்



கையால் கடிதம் எழுதும் ஆசை இளம்பிள்ளைகளிடம் மறுபடி துளிர்த்திருக்கிறது. கலர் பேப்பர், மசிப்பேனா, அரக்கு முத்திரை என்று ஆன்லைனில் ஒரே அமர்க்களம். கூடவே வளைந்த கால்களும் பூவேலையுமாக பிரெஞ்சு பாணி எழுத்து மேசைகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையில் அதை எங்கே போடுவது? எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து வீடுகளில், கட்டிலும் பீரோவும் வந்ததுமே நடக்க இடமில்லை.

நமக்கு எழுத்து மேசை என்றால் மடியில் வைத்த பரீட்சை அட்டைதான்.

இருந்தாலும் அந்த பிரெஞ்சு மேசையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1760-களில் பாரிஸில் பெண்களுக்கென்றே 'பொனேர் து ஜூர்' என்ற சின்ன மேசை வந்தது. மார்த்தேன் கார்லேன் போன்ற கைவினைஞர்கள் அதில் செவ்ர் பீங்கான் தகடுகளைப் பதித்தார்கள். பளபளப்பை விடுங்கள், அந்த மாதிரி மேசைகளில் பூட்டு போட்ட டிராயர்கள் இருந்தன! பதினைந்தாம் லூயி மன்னருக்கு எபென் என்ற கைவினைஞர் தொடங்கி, ரீஸ்னெர் என்பவர் 1769-ல் முடித்த மேசையும் அப்படித்தான். உருளை மூடியை இழுத்துப் பூட்டிவிட்டால் காகிதங்கள் யார் கண்ணிலும் படாது. ராஜாவுக்கே அந்தக் கவலை.

முன்பெல்லாம் நம் வீட்டில்? ஊரிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார்கள். படிக்கத் தெரியாத வீட்டில் தபால்காரரே படித்துக் காட்டுவார். பிறகு கம்பியில் குத்தி சுவரில் தொங்கவிடுவார்கள். அதில் ஒரு நெருக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் பதில் எழுதிய மருமகளை யோசித்துப் பாருங்கள். ஒட்டும் முன் யாராவது வாங்கிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவள், அம்மாவுக்கு எதைத்தான் எழுதியிருப்பாள்? 'இங்கு அனைவரும் நலம்'.

இன்று மட்டும் என்ன? அம்மாவின் போன் பிள்ளைகள் கையில். மகளின் போனை அப்பா பார்க்கிறார். மனம் விட்டு நாலு வரி எழுத வீட்டுப் பெண்ணுக்கு எங்கே இடம்?

மேசை வேண்டாம். பீரோவில் ஒரு டிராயரைக் காலி செய்து, சாவியை அவளிடமே கொடுத்துவிடுங்கள். டூப்ளிகேட் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, அதுதான் கஷ்டம்! இன்லேண்ட் லெட்டர் 2 ரூபாய் 50 காசு; நாலைந்து வாங்கி உள்ளே போட்டு வையுங்கள். யாருக்கு எழுதினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்களுக்கு எழுதினாலும் சரி. கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் இங்கே உட்கார்ந்து படிக்க ஆள் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்