காய்ச்சல் நேரத்துத் தைராய்டு ரிப்போர்ட்

போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு நிமோனியா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பதினைந்து வருடமாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவள். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி3 குறைவு என்று தடித்த எழுத்தில் வந்தது. "மாமா, டோஸ் பத்தலை போலிருக்கு, கூட்டச் சொல்லுங்க" என்றார் மருமகன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

டாக்டர் மறுத்துவிட்டார். "இப்ப வர்ற டி3 அளவை வெச்சு எதையும் மாத்த வேண்டாம் சார். உடம்பு தேறி ஆறு வாரம் ஆகட்டும், மறுபடி பார்ப்போம்."

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிப் படித்தேன். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் சுரப்பது டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள். நாம் விழுங்கும் மாத்திரையும் அதுவே. ஆனால் உடம்பில் முக்கியமாக வேலை செய்வது மூன்று அயோடின் உள்ள டி3. அதில் சுமார் 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, ஈரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் உண்டாகிறது. டி4-இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குவது டீஅயோடினேஸ் என்ற என்சைம்.

இதில் மூன்று வகை உண்டு. முதல் இரண்டும் டி3-ஐ உண்டாக்கும். மூன்றாவது, வேறு இடத்து அயோடினைக் கழற்றி ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும். கடும் நோயில் இந்த மூன்றாவதன் கை ஓங்குகிறது, டி3 இறங்குகிறது. வரும்படி குறைந்த மாதத்தில் வீட்டுச் செலவைச் சுருக்குவது மாதிரிதான். சுரப்பி கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

இது தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும்? ஹார்மோன் மிஞ்சினால் நம் வயதில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். அதற்காக மாத்திரையை நிறுத்துவதும் தவறு. இந்த என்சைமுக்குச் செலினியம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, தாமாகவே மருந்துக்கடையில் செலினியம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு மீறினால் முடிகூடக் கொட்டும்.

என் கருத்து இதுதான்: ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்த்ததும் பதறாதீர்கள். பரிசோதனை எடுத்தபோது உடம்பு எந்த நிலையில் இருந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. அதே பழைய மாத்திரை, வெறும் வயிற்றில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. மருமகனிடமும் சொல்லியாயிற்று.