தூக்கிவிட வேண்டாம், வழியைக் கட்டுங்கள்!



வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் ஊரே தியேட்டருக்குள் போய்விடும். சக்கர நாற்காலியில் வந்தவர் படிக்குக் கீழே காத்திருப்பார். "ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிவிடுறோம்" என்பார் ஊழியர். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன்பின் தெரியாத ஆண்கள் தூக்கிப்போக, சேலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி தலை குனிந்திருக்கும் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? அவரும் முழு டிக்கெட் எடுத்தவர்தான். உள்ளே போனால் திரைக்கு முன்னால் முதல் வரிசை. படம் முடியும்வரை அண்ணாந்து பார்க்க வேண்டும். கழிவறைக் கதவில் நாற்காலி நுழையாது என்று தெரிந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

போதும், தோழர்களே. சட்டம் நம் கையில் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு, மக்கள் வந்துபோகும் தனியார் அரங்கும் பொதுக் கட்டடம்தான். சக்கர நாற்காலிக்கு வழியில்லாத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி தரக்கூடாது. கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்று தரக்கூடாது. பழைய கட்டடங்களைச் சீர்செய்யக் கொடுத்தது 5 ஆண்டு. 2017 ஜூனில் விதிகள் வந்தன. கெடு 2022 ஜூனிலேயே முடிந்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்கச் சொல்லி, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

கேட்டால் கிடைக்காது என்பவர்களுக்கு மெரினாவைக் காட்டுங்கள். கடலருகே போக வழி கேட்டு ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்த பிறகுதான் 2022 நவம்பரில் மரப்பாதை வந்தது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. திரும்பவும் சீரமைக்க வைத்தோம்.

இப்போது ஏன் இந்த அவசரம்? ஊர் ஊராகப் பழைய தியேட்டர்களை உடைத்து இரண்டு, மூன்று திரைகளாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கான்கிரீட் இறுகிவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு அதே படிகள்தான்.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை டிக்கெட்டோடு ஒரு டேப்பையும் எடுத்து வாருங்கள். சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரப் படிக்கட்டுக்கு 18 அடி. ஆறடியில் செங்குத்தாகப் பூசிவிட்டு "ராம்ப் இருக்கே" என்பவர் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். கதவு 90 சென்டிமீட்டர் அகலம் திறக்கிறதா? நண்பர்களோடும் குடும்பத்தோடும் சேர்ந்து உட்கார, நடு வரிசைகளில் இடம் உண்டா? படம் எடுங்கள், தேதியோடு எழுதுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து மனு கொடுப்போம். நகல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் போகட்டும். ரசீது வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.

உங்கள் ஊரில் ஏதாவது தியேட்டரில் கட்டட வேலை நடக்கிறதா? வெள்ளிவரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே அங்கே போய் வரைபடத்தைக் கேளுங்கள்.