மணல் நம்முடையது, மணிக்கூடு அவர்களுடையது

2010ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் நடைபெற்ற பிரெஞ்சு டெனிஸ் போட்டியில் ஸ்பானிய வீரர் றபேல் நடால் வெற்றிவாகை சூடினார். அவருடைய மட்டையைக் கவனித்தவர்கள் பலர். மணிக்கட்டைக் கவனித்தவர்களும் உண்டு. அங்கே றிச்சாட் மில் நிறுவனத்தார் செய்த கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. பட்டியோடு சேர்த்து அதன் நிறை இருபது கிராமுக்கும் குறைவு. விலையோ ஐந்து இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல்! அதன் இயந்திரம் தைத்தேனியத்தாலும், இலிதியங் கலந்த அலுமினியத்தாலும் ஆனது. எட்டு ஆண்டுகளின் பின், 2018இல், புல்கேரி நிறுவனத்தார் உடலும் சங்கிலியும் தைத்தேனியத்தாலேயே ஆன வேறொரு கடிகாரத்தை வெளியிட்டனர். அதன் முழுத் தடிப்பும் 3.95 மில்லிமீற்றர். அத்தனை மெல்லிய உடலுக்குள்ளே 'தூர்பியோன்' என்னும் சுழற்கூடு ஒன்று ஓயாது சுற்றிக்கொண்டிருக்கிறது.

செல்வர்களின் விளையாட்டுப் பொருளைப் பற்றி நமது வாசகர்களுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். வெங்காயத்துக்கு விலை கிடைக்காத கமக்காரன் இதைக் கேட்டால் சிரிப்பான், சிரிக்கட்டும். ஆனால், சிரித்து முடித்த பின் இந்தக் கடிகாரத்தைச் சற்றே திறந்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.

தூர்பியோன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுழல்காற்று என்பது பொருள். அதைக் கண்டவர் ஆபிரகாம் லூயி பிரெகே. சுவிற்சலாந்தின் நொய்சாத்தெல் நகரில் 1747இல் பிறந்து, பாரிசிலே தொழில் நடத்தியவர். அவர் காலத்துக் கடிகாரம் சட்டைப் பையிலே நாள் முழுவதும் நிமிர்ந்தபடியே கிடப்பது. உள்ளே அங்குமிங்கும் அசையும் சமநிலைச் சில்லு எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டாலும், ஒரு பக்கம் மயிரிழையளவாவது பாரங் கூடியிருக்கும். புவியீர்ப்பு அந்தப் பக்கத்தை ஓயாது கீழே இழுக்க, கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும். பிரெகே என்ன செய்தார்? சில்லையும் அதன் மயிர்வில்லையும் அதைத் தட்டிவிடும் பொறியையும் ஒரு சிறு கூட்டில் அடைத்து, அந்தக் கூட்டையே சுழலவிட்டார். பாரமான பக்கம் மேலும் கீழுமாக மாறிவர, ஒரு பாதியில் நேர்ந்த பிழையை மறு பாதி ஈடுசெய்துவிடும். 1801ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இதற்குப் பத்தாண்டுக் காப்புரிமை பெற்றார். பிழையை முற்றாக ஒழிக்க இயலாதெனக் கண்டு, அதைச் சுற்றிவிட்டுச் சமன்செய்த அந்த அறிவை நாம் வியக்கிறோம்.

ஆனால், உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். கடிகாரம் சட்டைப் பையை விட்டு மணிக்கட்டுக்கு ஏறிய பின், கை ஆடும்போதெல்லாம் அதுவும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. பிரெகே கூடு கட்டிச் செய்த வேலையிற் பெரும்பகுதியை மனிதனுடைய கையே செய்துவிடுகிறது. சந்தையிலே சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் கசியோ எவ்-91 பிளாஸ்திக்குக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்தது; நிறை இருபத்தொரு கிராம். அது மாதத்துக்கு முப்பது விநாடிக்கு மேல் பிழைக்காது என்கின்றனர் செய்தவர்கள். சுவிற்சலாந்தின் சான்றிதழ் பெறும் பொறிக் கடிகாரமோ நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்தலாம், ஆறு விநாடி முந்தலாம். நாளுக்கு ஆறென்றால் மாதத்துக்கு மூன்று நிமிடம்! நேரம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அப்படியிருந்தும் ஐந்து இலட்சம் டொலர் கொடுப்பவன் எதை வாங்குகிறான்? பகட்டை வாங்குகிறான் என்பது பாதி விடை. மறு பாதி சூறா மலைத்தொடரில் இருக்கிறது.

அங்கே சூ பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். முற்காலத்தில் அவ்வூர்க் கமக்காரர் கோடையிலே மாடு மேய்த்துப் புல்லறுத்தனர். மாரியில் வீட்டு யன்னலோரம் மேசை போட்டு, பற்சில்லும் திருகாணியும் அராவினர். தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு அந்த அரம் மாறியது. மேலே சொன்ன புல்கேரிக் கடிகாரத்தின் இயந்திரம் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள லெ சாந்தியே என்னும் ஊரிலேதான் செய்யப்படுகிறது. அவர்களுக்கும் அழிவு வராமலில்லை. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் யப்பானின் செய்க்கோ நிறுவனம் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1970இல் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேருக்குச் சோறு போட்ட சுவிற்சலாந்தின் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரோடு நின்றது. எஞ்சியவர்கள் அரத்தைக் கீழே வைக்கவில்லை. மலிவில் யப்பானை வெல்ல முடியாதென உணர்ந்து, கைவேலையின் அருமையையே விலையாக்கினர். பயன் குன்றிய சுழற்கூடு அவர்களுக்குச் சோறு போடுகிறது.

இனி அந்த உலோகத்துக்கு வருவோம். 1791இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் வில்லியம் கிறெகர் என்ற பாதிரியார் ஓடைக் கருமணலை ஆராய்ந்து அதிலே புதியதொரு மூலகம் இருப்பதைக் கண்டார். அதுவே தைத்தேனியம். இரும்பின் நிறையிற் பாதியை விடச் சற்றே அதிகம். வியர்வையும் கடல்நீரும் அதைத் தின்னமாட்டா. மண்ணிலே ஏராளமாக உண்டு. ஆனால், மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் பாடு. குளோரீன் வாயுவோடு சேர்த்துத் திரவமாக்கி, பின் மகனீசியத்தோடு காய்ச்சிக் கடற்பஞ்சு போன்ற கட்டியாக எடுக்கவேண்டும். கடைசலிலும் அடங்காது, சூட்டை வெளியே விடாமல் ஆயுதத்தின் நுனியையே பொசுக்கிவிடும். தைத்தேனியத்திலே முதற் கைக்கடிகாரத்தை 1970இல் யப்பானின் சிற்றிசன் நிறுவனமே செய்தது.

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையிலே கிடக்கும் கருமணலை நமது வாசகர் பலர் கண்டிருப்பர். இல்மனைற்று என்னும் அந்தத் தாது தைத்தேனியத்தின் தாய். வாடைக்காற்றுக் காலத்து அலை அதைக் கரையிலே கொண்டுவந்து கொட்டுகிறது. 1957இல் அரசு இதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைத்தது. காந்தத்தாலும் மின்னாலும் மணலை வகைபிரித்துக் கப்பலேற்றுவதோடு பெரும்பாலும் நம் வேலை முடிந்துவிடுகிறது. நடாலின் கையிலே இருந்தது புல்மோட்டை மண் என்று நாம் கூறவரவில்லை. உலகின் இல்மனைற்றிற் பெரும்பகுதி வெள்ளை வர்ணத்துக்கே போகிறது. தொன் கணக்கில் விற்பவன் ஒரு முனையிலும் கிராம் கணக்கில் விற்பவன் மறுமுனையிலும் நிற்கிறார்கள் என்பதையே சுட்டுகிறோம். 2025இல் மன்னார்த் தீவிலே மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினர். நிலத்தடி நீரும் கரையும் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். அதை நியாயமானதென்றே கருதுகிறோம். போகிற மண்ணுக்கு ஈடாக ஊருக்கு ஒரு தொழிலறிவுகூட வந்து சேராதபோது அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

பனிமலைக் கமக்காரனிடம் இருந்தவை ஓய்ந்த மாதங்களும் ஒரு மேசையும்தான். கைவேலை நம்மிடமும் இருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் நாம் அறிந்த கடிகாரத் திருத்துநர் ஒருவர் உள்ளார். 1990களின் பொருளாதாரத் தடையில் மின்கலம் குடாநாட்டுக்கு வரவில்லை. படிகக் கடிகாரங்கள் யாவும் நின்றன. பெட்டிகளிலே கிடந்த தாத்தாமாரின் சாவிக் கடிகாரங்களைச் சனங்கள் அவரிடம் கொண்டுவந்தனர். உதிரிப்பாகம் இல்லை. மயிர்த்தடிப்புள்ள சமநிலை அச்சை வில்லால் இழுக்கும் சிறு கடைசலிலே தாமே கடைந்து போட்டார். புல்கேரிக் கடிகாரத்தின் படத்தை அண்மையில் அவரிடங் காட்டினோம். கண்வில்லையை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். "கூட்டின் அச்சு நல்லாக் கடைஞ்சிருக்கிறாங்கள் தம்பி" என்றார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். இருவர் வெளிநாட்டில், ஒருவர் வங்கியில். தொழில் பழக ஒருவரும் வரவில்லையா என்று கேட்டோம். கடைசியாக ஒரு பையன் வந்தது பதினொரு வருடத்துக்கு முன்னராம். சோதனைக்குப் படிக்க வேண்டுமென்று தாயார் வந்து கூட்டிப்போய்விட்டார்.